பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? காசு எங்கிருந்து வருகிறது, யாரைக் கேட்பது

வருடத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில், பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் சேர்ந்த இந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடக்கும். யாரோ உங்கள் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைதட்டுவார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது நீங்கள் செயற்குழு உறுப்பினர். அடுத்த கிழமையே ஒரு தாய் வந்து கேட்பாள்: "தம்பி, மூண்டாம் வகுப்புக் கூரை ஒழுகுது, நீங்கள் கமிட்டியில இருக்கிறியள்தானே?" அப்போது எந்தக் கந்தோர்ப் படியேறுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். என் முதல் வருடத்தில் பெண் பிள்ளைகளின் மலசலகூடக் கதவு இரண்டும் உக்கி விழுந்து கிடந்தன. ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே ஒரு பழைய தகரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெரிய பிள்ளைகள் சிலர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். நான் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினேன், கோட்டக் கல்விக் கந்தோருக்கு எழுதினேன், அதற்கு மேலே இருக்கும் வலயக் கல்விக் கந்தோருக்கு எழுதினேன். எட்டு மாதம் ஓடிப்போயிற்று. கடைசியில் ஒரு கந்தோரில் வயதான எழுதுநர் ஒருவர் கோப்பைத் திறந்து காட்டிச் சொன்னார்: "தம்பி, உங்கட பள்ளிக்கூடத்தின்ர வருடத் திட்டத்தில கதவு எண்ட சொல்லே இல்லை. இல்லாத ஒண்டுக்கு நான் எந்தத் தலைப்பில காசு எடுக்கிறது?"

அன்றைக்கு விளங்கியது இதுதான்: அரசாங்கக் காசு ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறையில் வருகிறது. ஒரு உறையில் இருப்பதை இன்னொன்றின் பெயரால் கேட்டால், கொடுக்க மனமுள்ளவராலும் கொடுக்க முடியாது.

முதலில், உங்கள் பள்ளிக்கூடம் யாருடையது

படலையில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். தேசிய பாடசாலை என்று இருந்தால் அது நேரே பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள மத்திய கல்வி அமைச்சின் கீழ். வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம் அப்படியானது. வன்னியில் மிகப் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மாகாணப் பாடசாலைகள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு இவை மாகாணத்தின் பொறுப்புக்கு வந்தன. இந்தக் கட்டுரை மாகாணப் பாடசாலைகளைப் பற்றியது.

மாகாணப் பாடசாலைக்கு மேலே ஏறும் படிகள்: பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சு. நடுவில் இருக்கும் வலயந்தான் உங்களுக்கு முக்கியம். ஆசிரியர் சம்பளம், பொருட்கொள்வனவு, ஆளணி (பள்ளிக்கூடத்துக்கு இத்தனை பேர் என்று அனுமதித்த எண்ணிக்கை) எல்லாம் அங்கேதான் கையாளப்படுகின்றன. கோட்டக் கல்விப் பணிப்பாளர் உங்களுக்குக் கிட்ட இருப்பவர், பள்ளிக்கூடத்தின் நிலைமை அறிந்தவர். ஆனால் காசோலை எழுதும் கை அவருடையது அல்ல.

வன்னியில் வலயங்கள் எட்டு: முல்லைத்தீவு, துணுக்காய், மன்னார், மடு, வவுனியா தெற்கு, வவுனியா வடக்கு, கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு. கிளிநொச்சி முன்பு ஒரே வலயமாக இருந்தது. அந்தப் பழைய நினைப்பில் கடிதத்தைப் பிழையான வலயத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

பிரதேச சபைக்குப் பள்ளிக்கூடத்தில் பொறுப்பு இல்லை. வாசலுக்கு வரும் ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை இவற்றுக்கு அங்கே போகலாம். முன்பள்ளியின் நிர்வாகம் முற்றிலும் வேறு. அதை இதோடு சேர்த்துப் பேசினால் கூட்டமே திசைமாறிப் போய்விடும்.

உறைகளைப் பிரித்துப் பாருங்கள்

பெரிய உறை சம்பளம். மாகாணத்துக்குச் சொந்த வருமானம் கொஞ்சந்தான். நிதி ஆணைக்குழுவின் சிபாரிசோடு கொழும்பிலிருந்து வரும் பணத்தில் பெரும் பங்கு சம்பளத்துக்கே போகிறது. அதில் சங்கம் கைவைக்க ஒன்றுமில்லை. ஆனால் கணித ஆசிரியர் இல்லை, ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஆள் வரவில்லை என்றால் அது சங்கத்தின் விடயம். கேட்கும்போது "ஆசிரியர் போதாது" என்று எழுதாதீர்கள். ஆளணிப்படி எத்தனை பேர், இருப்பவர் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு வெற்றிடம், எந்தத் திகதியிலிருந்து என்று எழுதுங்கள். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்ட பள்ளிக்கூடமாக இருந்தால் அதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து விடிய நாலரைக்கு பஸ் ஏறி வரும் ரீச்சர் எப்போது இடமாற்றம் கிடைக்கும் என்று பார்த்திருப்பதும் நியாயம், எங்கள் பிள்ளைகள் ஆசிரியரில்லாமல் இருக்கக் கூடாது என்பதும் நியாயம். அதனால் "பதிலாள் வந்த பிறகு விடுவிக்கவும்" என்று கேளுங்கள். யாரையும் நோகடிக்காத கோரிக்கை அது.

அடுத்தது தர உள்ளீட்டு நிதி. சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேள்விப்பட்டே இருப்பதில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு அரச பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளின் தொகை, வகுப்பு மட்டம், பாடத்துறை ஆகியவற்றைக் கணக்குப் போட்டு ஒதுக்கப்படும் பணம் இது. வெண்கட்டி, கடதாசி, வர்ணம், ஆய்வுகூட இரசாயனம், விளையாட்டுப் பொருள், வாசிகசாலைப் புத்தகம் போன்றவை ஒரு பக்கம். நெடுங்காலம் நிற்கும் கற்றல் உபகரணங்கள் இன்னொரு பக்கம். மதில் கட்டவோ விழாவுக்குச் சாப்பாடு கொடுக்கவோ இதில் இடமில்லை.

இந்தக் கணக்கில் வன்னிக்கு ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பணம் பெரும்பாலும் தலைக்கணக்கை வைத்துத்தான் வருகிறது. 600 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடத்துக்கு வருவது ஒரு தொகை, 38 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடத்துக்கு வருவது இன்னொரு தொகை. ஆனால் 38 பிள்ளைகளுக்கும் ஒரு முழு உலகப்படந்தான் வேண்டும், அரைவாசிப் படம் போதாது. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய ஊர்களில் இப்படிச் சின்னப் பள்ளிக்கூடங்கள்தான் நிறைய. முகாமிலிருந்து வந்து, மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் வகுப்பு வைத்து, ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பத் திரும்பத்தான் இவை நிமிர்ந்தன. இந்த நிலைமையை வலயத்துக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் எண்ணோடு சொல்லுங்கள்.

அதோடு, தலைக்கணக்கு பிழைக்காமல் பாருங்கள். வருடந்தோறும் பாடசாலைத் தொகைமதிப்பு எடுக்கப்படுகிறது. அதில் உள்ள எண்ணும் வரவுப் பதிவேட்டு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று அதிபரோடு இருந்து பாருங்கள். தொழிலுக்காகக் கடற்கரை வாடிக் குடிசையில் தங்கி இடம் மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு பள்ளிக்கூடத்திலும் விடுபட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். 2016இலிருந்து 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். விடுபட்ட பிள்ளையைத் தேடிப் பிடிப்பது காசுக்காக மட்டுமல்ல, அந்தப் பிள்ளைக்காகவும்.

தர உள்ளீட்டுப் பணத்தின் மறுபக்கம் காலம். அரசாங்கக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. வருட நடுவில் கேட்டால் "ஒதுக்கீடு இருக்கு, கட்டுநிதி வரேல்லை" என்பார்கள். அதாவது கடதாசியில் பணம் இருக்கிறது, கைக்கு வரவில்லை. பிறகு வருடக் கடைசியில் அவசரமாக வரும். அப்போது விலைமனு எடுத்துக் கொள்வனவு செய்ய ஆயத்தமாக இல்லாத பள்ளிக்கூடம் அதை இழக்கும். ஆகவே தேவைப்படும் பொருட்களின் பட்டியலை ஆடி மாதத்துக்குள்ளேயே முடித்து, கடைகளின் விலையும் விசாரித்து வைத்திருங்கள்.

கட்டடத்துக்கான உறை வேறு. புதிய வகுப்பறை, பெரிய திருத்தம், கிணறு, மலசலகூடம் ஆகியவை பெரும்பாலும் மாகாணத்தின் அபிவிருத்தி நன்கொடையிலிருந்து வருகின்றன. கந்தோர்களில் இதைப் பி.எஸ்.டி.ஜி. என்றுதான் சொல்வார்கள். அடுத்த வருடத்துக்கான பட்டியல் இந்த வருடமே தயாராகும். பட்டியல் வலயத்திலிருந்து மாகாணத்துக்குப் போன பிறகு நீங்கள் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அது அதற்கடுத்த வருடத்துக்குத்தான்.

பாடநூல், சீருடை, பாடசாலை உணவு மூன்றும் மேலிருந்து வருபவை. பாடநூல் 1980இலிருந்து இலவசம், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடுகிறது. பாடசாலை உணவு 2024 மார்ச்சிலிருந்து ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் சங்கத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. சமைப்பது ஊரில் உள்ள தாய்மார். காசு பிந்தினால் கடைக் கடன் அவர்கள் தலையில் விழும். எத்தனை பிள்ளைகள் எந்த நாளில் சாப்பிட்டார்கள் என்ற பதிவும், பட்டியல் வலயத்துக்கு ஒப்படைத்த திகதியும் அந்தத் தாயின் கையிலும் ஒரு பிரதியாக இருக்கட்டும்.

கேட்பதை வருடத் திட்டத்தில் ஏற்றுங்கள்

ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பல வருடத் திட்டம் ஒன்றும், அதிலிருந்து பிரித்தெடுத்த வருடாந்த அமுலாக்கல் திட்டம் ஒன்றும் இருக்கும். 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் இதில் பெற்றோருக்கும் இடம் கொடுத்தது. உங்கள் முதல் மாதத்திலேயே அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "சேர், இந்த வருடத் திட்டத்தை ஒருக்காப் பாக்கலாமோ?" காட்டாத அதிபரை நான் அதிகம் கண்டதில்லை. கேட்காத பெற்றோரைத்தான் கண்டிருக்கிறேன்.

திட்டத்தில் ஒரு தேவையை ஏற்றும்போது நாலு விடயம் வேண்டும்: என்ன, எத்தனை, உத்தேச விலை, எந்த நிதியிலிருந்து. "சுகாதார வசதிகளை மேம்படுத்தல்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். நாங்கள் அடுத்த வருடத் திட்டத்தில் எழுதியது: பெண் பிள்ளைகள் மலசலகூடத்துக்குக் கதவு 2, பிணைச்சல் 6, உள் தாழ்ப்பாள் 2, தச்சரின் எழுத்துமூல விலை, இரண்டு படம். அந்த வருடம் சித்திரை விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்தபோது கதவு போட்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சங்கத்தின் சொந்தக் காசு

சங்கத்தின் தலைவர் அதிபர்தான், அது விதி. உங்கள் வேலை அவரை எதிர்ப்பது அல்ல, அவரோடு சேர்ந்து கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பது. சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். உறுப்புரிமைப் பணம், நன்கொடை, விழா வருமானம் எல்லாம் முதலில் அந்தக் கணக்குக்குள் போய், பிறகுதான் செலவுக்கு வெளியே வர வேண்டும். கையில் வாங்கிக் கையிலேயே செலவழித்த காசு, நேர்மையாகச் செலவழித்திருந்தாலும், பின்னொரு நாள் யாரோ ஒருவரின் மானத்தைக் கெடுக்கும்.

பெற்றோரிடம் பணம் சேர்ப்பதற்கு அமைச்சின் சுற்றறிக்கைகள் உண்டு. அதிபரிடம் அவற்றை வாங்கி வாசியுங்கள். எதற்கும் பற்றுச்சீட்டு கட்டாயம். காசு கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ, பெயரை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கவோ இடங்கொடுக்காதீர்கள். தகப்பனில்லாத வீடுகள், தாய் கூலிக்குப் போகும் வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களின் உதவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னிப் பள்ளிக்கூடங்கள் பல அந்தக் காசில்தான் நிமிர்ந்தன. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒருவர் போன் எடுத்து "ஸ்மார்ட் வகுப்பறை போட்டுத் தாறன்" என்று சொன்னால் நன்றி சொல்லுங்கள், பிறகு எங்களுக்கு இப்போது முதலில் தேவைப்படுவது எது என்று திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர்த் தாங்கி இல்லாத பள்ளிக்கூடத்தில் பெரிய திரை தூசி பிடித்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பணம் சங்கக் கணக்குக்கு வரட்டும். வாங்கிய பொருள் அன்றைக்கே பொருட்பதிவேட்டில் ஏறட்டும். பதிவேட்டில் ஏறாத கணினி காணாமல் போனால், அது அங்கே இருந்ததற்கே சாட்சி இல்லை. கட்டடம் என்றால் வலயத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்ட வேண்டாம். அனுமதி இல்லாமல் எழும்பிய கட்டடத்தைப் பிறகு திருத்துவதற்குக் காசு கேட்க முடியாது.

தொண்டர் ஆசிரியர்களுக்குச் சங்கம் கொடுக்கும் கொடுப்பனவு இன்னொரு நுணுக்கமான இடம். ஊர்ப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள், நல்ல மனத்தோடு படிப்பிப்பார்கள். எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதைக் கூட்டத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் கொடுக்காதீர்கள். அது சங்கத்தின் கையில் இல்லை. அந்த நம்பிக்கையில் வயதைக் கழித்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

யார் யார் பார்க்கிறார்கள்

கோட்டத்திலிருந்தும் வலயத்திலிருந்தும் மேற்பார்வைக்கு வருவார்கள், ஆசிரிய ஆலோசகர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். வந்தவர்கள் தாங்கள் கண்டதை லொக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். "மூன்றாம் வகுப்புக் கூரை பாதுகாப்பற்றது" என்று அதிகாரி ஒருவர் எழுதியிருந்தால், உங்கள் கடிதத்தில் அந்தத் திகதியைக் குறிப்பிடுங்கள். நூறு பெற்றோர் கையெழுத்தைவிட அது கனம். கணக்குகளைக் கணக்காய்வாளர்கள் பார்ப்பார்கள். அவர்கள் கேட்பது காசுப்புத்தகம், உறுதிச்சீட்டு (வவுச்சர்), பற்றுச்சீட்டு, கூட்டக் குறிப்பு. இந்த நாலும் ஒரே அலுமாரியில் இருந்தால் யாருக்கும் பயமில்லை.

முன்பு இதற்கு மேலே இன்னொரு கண் இருந்தது. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையில், எங்கள் வாக்கில் போனவர்கள் இருந்தார்கள், கல்விக்கு ஓர் அமைச்சரும் இருந்தார். 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தபின் ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம் நடந்து வந்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடங்களைப் பற்றித் தெரிவான ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும் மன்றம் இல்லாமற் போனது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். அந்தக் குறையைக் கொஞ்சமாவது நிரப்புவது பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும். பாராளுமன்ற உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் ஒரே மேசையில் இருக்கும் இடம் அது. கூட்டத்துக்கு முன்பே கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதிப் பிரதேச செயலகத்தில் ஒப்படையுங்கள்.

பதில் வராவிட்டால்

வாயால் கேட்டதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வாருங்கள். ஒரு மாதம் பொறுங்கள், நினைவூட்டல் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழில் எழுதலாம். வலயத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு இப்படி எழுதினால் போதும்:

"எமது பாடசாலைக்கு இந்த ஆண்டு ஒதுக்கப்பட்ட தர உள்ளீட்டு நிதி எவ்வளவு? அதில் இன்றுவரை விடுவிக்கப்பட்டது எவ்வளவு? எந்தத் திகதிகளில்? அந்தப் பணத்தில் கொள்வனவு செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலின் பிரதியைத் தரவும்."

கேள்வி சின்னதாக, எண்ணில் பதில் வரக்கூடியதாக இருக்கட்டும். "ஏன் எங்களைப் புறக்கணிக்கிறீர்கள்" என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் வராது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். இதைக் கேட்பதற்கு முன் அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தன்னைக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று அவர் நினைத்தால், நாளைக்கு அவரோடு ஒரே மேசையில் இருக்க வேண்டிய உங்களுக்குத்தான் கஷ்டம்.

பிள்ளைக்கு அடி, பாகுபாடு, அனுமதி மறுப்பு என்று ஏதாவது நடந்தால் அது நிதி விடயம் அல்ல, அதற்கு வேறு வழி. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின், உங்கள் மாவட்டத்துக்குரிய பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு பெரிய கோப்பு வாங்கி, முத்திரை வாங்கிய பிரதிகள், வருடத் திட்டம், விலைமனு, படங்கள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் போட்டு வையுங்கள். நான் பொறுப்பெடுத்தபோது எனக்குத் தந்தது கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒன்று மட்டுந்தான். முன்பு யார் எதற்கு எழுதினார்கள், என்ன பதில் வந்தது என்று ஒன்றும் தெரியாமல்தான் அந்த எட்டு மாதத்தையும் அலைந்தேன். உங்கள் தவணை முடியும் நாளில் அந்தக் கோப்பைப் புதிய செயலாளரின் கையில் கொடுத்து, கொடுத்ததாகக் கூட்டக் குறிப்பிலும் எழுதுவியுங்கள்.